மின்திருக்கையின் 220 வோல்ட்டும் சுவர் பிளக்கின் 220 வோல்ட்டும் ஒன்றா?

அலைக்கணக்கு (கேள்வி)

நேற்றிரவு தூக்கம் பிடிக்காமல் முக்குளிப்பவர்கள் எடுத்த காணொளிகளாக வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில், முறத்துக்கு வால் முளைத்த மாதிரி வட்டமான ஒரு திருக்கை வருகிறது. கேமரா வைத்திருந்தவர் கிட்டே போகப் போக அது விலகி ஓடாமல் அவரை நோக்கியே திரும்புகிறது, அவர் பதறிப் பின்வாங்குகிறார், அதோடு காணொளி முடிந்துவிட்டது. கீழே கருத்துகளில் ஒரே சண்டை. ஒருவர் "இது 220 வோல்ட் அடிக்கும், வீட்டுப் பிளக்கில் விரலை விட்ட மாதிரிதான், ஆள் காலி" என்கிறார். இன்னொருவர் "வெறும் 40 வோல்ட், கிச்சுகிச்சு மூட்டின மாதிரி இருக்கும்" என்கிறார். மூன்றாமவர் ஆஸ்திரேலிய டிவி விலங்கு நிபுணர் ஸ்டீவ் இர்வினைக் கொன்றதே இந்த மீன்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

தேடிப் பார்த்தால் மின்திருக்கை என்ற ஒரே பெயருக்கு நாலைந்து விதமான படம் வருகிறது, எண்ணும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இது ஒரு மீனா, பல மீன்களா? வோல்ட் கணக்கில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 220 என்றால் நிஜமாகவே பிளக்கின் 220 தானா? அப்புறம் சின்னப் பிள்ளைத்தனமான ஒரு கேள்வி, தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு ஷாக் அடிக்கிறதே, அதற்கே அடிக்காதா?

---

செவுள்வாசி

முதலில் அந்த மூன்றாமவரை அனுப்பி வைத்துவிடுவோம். 2006-ல் ஸ்டீவ் இர்வின் இறந்தது முள்வால் திருக்கையால். அதன் வாலில் ரம்பம் போல ஒரு நச்சு முள் இருக்கும், அது நெஞ்சில் பாய்ந்தது. மின்திருக்கைக்கு அந்த முள்ளே கிடையாது. சாட்டை மாதிரி மெலிந்த வாலும் இல்லை, கட்டையான வால், நுனியில் ஒழுங்கான துடுப்பு. மற்ற திருக்கைகள் உடலின் ஓரங்களை அலை மாதிரி அசைத்து நீந்தும், சில பறவை மாதிரி அடித்துக்கொண்டு போகும். இதற்கு அது முடியாது, ஏனென்றால் உடல் வட்டின் இரண்டு பக்கமும் மின் உறுப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் சுறா மாதிரி வாலை ஆட்டித்தான் நகரும். தோலும் சொரசொரப்பில்லாமல் தொளதொளவென்று வழவழப்பாக இருக்கும்.

பல மீன்கள்தான். சுமார் 60, 70 இனங்கள், நான்கு குடும்பங்களாகப் பிரிப்பார்கள். படத்தில் அடையாளம் பிடிக்க எளிய வழி, முதுகுத் துடுப்பை எண்ணுங்கள். டார்ப்பிடோ குடும்பத்துக்கும் நார்சின் குடும்பத்துக்கும் இரண்டு. நார்க்கே குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றே ஒன்று, அதிலேயே டெமேரா என்கிற ஒன்றுக்கு முதுகுத் துடுப்பே கிடையாது.

பெரியவை எல்லாம் டார்ப்பிடோ குடும்பம். அட்லாண்டிக் டார்ப்பிடோ 1.8 மீட்டர், 90 கிலோ வரை வளரும், 220 என்கிற எண் இதனுடையது. பசிபிக் மின்திருக்கை அதைவிடச் சின்னது, 45 முதல் 50 வோல்ட். இந்த இரண்டையும் பழைய புத்தகங்களில் டார்ப்பிடோ என்றும் புதியவற்றில் டெட்ரோநார்ஸ் என்றும் போட்டிருப்பார்கள், மீன் மாறவில்லை, பெயர்தான் மாறியது. நார்சின் வகைகள் சிறியவை, மணலைக் கிளறிப் புழு தின்பவை. அதில் நன்றாக அளந்து பார்த்த ஒன்று 14 முதல் 37 வோல்ட் தருகிறது. ஆக உங்கள் கருத்துச் சண்டையில் ஆளாளுக்கு வேறு வேறு மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நம் கடலோரத்திலும் உண்டு, நார்சின் டிம்லேய், நார்க்கே டிப்டெரிஜியா என்று இரண்டு சிறிய இனங்கள். இரண்டுக்கும் 1801-ல் பெயர் வைத்தது பிளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மன் விலங்கியலாளர்கள், விவரித்தது தரங்கம்பாடியில் கிடைத்த மீன்களை வைத்து.

விசித்திரங்களைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. நியூசிலாந்துப் பக்கம் டிஃப்ளோநார்க்கே என்று ஒன்று, கண் இருந்தும் பார்வை இல்லாதது, இடுப்புத் துடுப்பைக் கால் மாதிரி ஊன்றிக் கடலடியில் நடப்பது. ஆஸ்திரேலியாவில் மட்டும் இருக்கிற ஹிப்னோஸ், ஒரு குடும்பத்துக்கே அது ஒன்றுதான் வாரிசு. செத்துக் கரையொதுங்கி உப்பிப் போனால் சவப்பெட்டி மாதிரி தெரியும் என்று அதற்குச் சவப்பெட்டித் திருக்கை என்றே பெயர். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது தென்னாப்பிரிக்கக் கடலோரத்து எலக்ட்ரோலக்ஸ் அடிசோனி. 2007-ல் தான் அறிவியல் பெயர் கிடைத்தது. ஆமாம், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் அதே பெயர். இரையை அப்படி உறிஞ்சி இழுக்கிறது என்பதாலும், மின்சாரம் என்ற சொல் உள்ளே ஒளிந்திருப்பதாலும், பெயர் வைத்தவர்கள் குறும்பாக வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கு நகைச்சுவை வராது என்பவர்களிடம் இதைத்தான் காட்டுவேன். வருத்தம் என்னவென்றால், அது வாழும் இடமே கடலோரத்தில் ஒரு சிறு துண்டு, அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள இனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருந்தார்கள்.

---

ஓம்விதி

மீன் எனக்குத் தெரியாது, மின்சாரம் தெரியும். 220-க்கு வருகிறேன்.

வோல்ட்டை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்குப் போடுவது தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு வெள்ளம் வருமா என்று சொல்வது மாதிரி. குழாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் திறந்திருந்தது, இதெல்லாம் வேண்டாமா? பிளக்கில் கை வைத்தால் மின்சாரம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது, ஒரு விநாடிக்கு 50 அல்லது 60 முழுச் சுழற்சியாகத் திசை மாறி மாறி. தசை இறுகிக் கையை எடுக்கவும் முடியாது. இந்த மீன் தருவது சில மில்லிவிநாடி மட்டுமே நீடிக்கும் துடிப்பு. அதைச் சரமாக அடுத்தடுத்து விடும், ஆனால் விட விட வேகம் குறையும், பிறகு ஓய்வெடுத்துத்தான் மறுபடி தேறும். சுவர் பிளக் களைத்துப் போவதில்லை.

இன்னொன்று, 220 என்பது கிட்டத்தட்டச் சுமை இல்லாத நிலையில், அதாவது மின்சாரம் வெளியே ஓடாதபோது, இருக்கும் உச்ச அளவு. கடல்நீர் நன்றாக மின்சாரம் கடத்தும், மீன் அதற்குள் துடிப்பை விட்டதும் வோல்ட் சரசரவென்று இறங்கிவிடும். காரில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் வோல்ட் இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை.

இப்போது சுவையான இடத்துக்கு வருகிறேன். மின் உறுப்பு எப்படி இருக்கிறது என்று படித்துப் பார்த்தேன், அசந்துவிட்டேன். காசுகளை அடுக்கிய மாதிரி தட்டையான செல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் கொடுப்பது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஓர் அடுக்கில் 500 இருந்தால் 40 சொச்சம் வோல்ட். இது தொடர் இணைப்பு. அந்த மாதிரி அடுக்குகள் தேன்கூடு போல நெருக்கி நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாக நிற்கின்றன, இது பக்க இணைப்பு. தொடர் இணைப்பு வோல்ட்டைக் கூட்டும், பக்க இணைப்பு ஆம்பியரை, அதாவது ஓடும் மின்சாரத்தின் அளவை, கூட்டும்.

ஷாக் அடிக்கும் இன்னொரு மீனான மின்விலாங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஆற்று மீன். நன்னீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அதை உடைத்துக்கொண்டு போக அழுத்தம் வேண்டும். அதனால் உடல் நீளத்துக்கும் தொடராக அடுக்கி வைத்திருக்கிறது, ஓர் இனத்தில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். திருக்கை உப்புநீர் மீன். அதற்கு அழுத்தம் தேவையில்லை, ஆம்பியர் தேவை, அதனால் நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டியிருக்கிறது. ஒரு பொறியாளரிடம் இந்த இரண்டு தண்ணீரையும் கொடுத்து மின்கல அடுக்கு வடிவமைக்கச் சொன்னால் இதைத்தான் வரைவார். பசிபிக் திருக்கையின் 45 வோல்ட் கேட்கச் சின்னதாக இருக்கிறதே தவிர, ஒரு கணத்துக்கு அது வெளியே தள்ளும் திறன் ஒரு கிலோவாட்டைத் தொடலாம். கிச்சுகிச்சு என்று எழுதியவரை ஒருநாள் அதன்மேல் உட்கார வைக்க வேண்டும்.

---

நீருக்கடியில்

உட்காரவெல்லாம் வேண்டாம், ஒரு விரல் போதும். நான் பட்டிருக்கிறேன்.

மத்தியதரைக் கடலில் ஓர் இரவு முக்குளிப்பு. பளிங்குக் கோலம் போட்ட டார்ப்பிடோ, ஒன்றரை அடிகூட இருக்காது, மணலில் பாதி புதைந்து கிடந்தது. கண்ணும், கண்ணுக்குப் பின்னால் இரண்டு சிறு துளைகளும் மட்டும் வெளியே. நான் அதைப் பார்க்கவே இல்லை, பக்கத்துப் பாறையில் எதையோ பார்க்கக் கையை ஊன்றினேன், உள்ளங்கை அதன் முதுகில் போய் அமர்ந்தது. முழங்கையில் நரம்பு இடிபட்டால் ஒரு மாதிரி இருக்குமே, அதை எடுத்துத் தோள்வரை சுத்தியலால் அடித்து இறக்கின மாதிரி. ஒன்று இல்லை, டப டப டப என்று மூன்று நாலு. வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டேன் என்பதுதான் இதில் நிஜமான ஆபத்து. துணைக்கு வந்தவர் பக்கத்திலேயே இருந்ததால் சமாளித்தேன். கை பதினைந்து நிமிடம் மரத்துப் போயிருந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. மேலே வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மீனின் மேல் தப்பே இல்லை.

பசிபிக் ஆள் வேறு ரகம். பகலில் இதே மாதிரி மணலில் படுத்து, மேலே வருவதைப் பாய்ந்து பிடிக்கும். இரவில் தரையை விட்டு எழும்பி, கெல்ப் என்கிற நீளமான கடற்பாசிக் காடுகளுக்கு ஓரமாக நடுநீரில் அசையாமல் மிதந்துகொண்டு வேட்டையாடும். இரை கிட்டே வந்ததும் உடல் வட்டின் ஓரங்களைக் கவிழ்த்து அதைப் போர்வை மாதிரி மூடிவிட்டுத் துடிப்பை விடும், மீன் விறைத்ததும் தலைப் பக்கமாக வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். மின்திருக்கைகளில் முக்குளிப்பவரைக் கண்டு விலகாமல் எதிரே வருகிற பழக்கத்துக்குப் பேர்போனது இதுதான், அதுவும் பெரும்பாலும் நாம் நெருக்கும்போது, கேமரா விளக்கை முகத்தில் அடிக்கும்போது. அலைக்கணக்கு, உங்கள் காணொளியில் மீனின் நிறம் என்ன, பின்னணியில் நீளமான பாசி தெரிந்ததா?

---

பழங்கணக்கு

வேதனையை எல்லாம் மருந்தாக்கியவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்றொரு வைத்தியர், கீல்வாதம் வந்தவருக்கு எழுதிய சிகிச்சை இது: ஈரக் கடற்கரையில் உயிருள்ள கருப்பு டார்ப்பிடோ மீன்மேல் காலை வை, முழங்கால் வரை மரத்துப் போகும்வரை எடுக்காதே. தீராத தலைவலிக்கும் அதே மீன், இந்த முறை தலையில். மின்சாரம் என்ற சொல்லே இல்லாத காலம்.

பெயரிலேயே கதை இருக்கிறது. கிரேக்கத்தில் நார்க்கே என்றால் மரத்துப் போதல், மேலே செவுள்வாசி சொன்ன நார்க்கே, நார்சின் எல்லாம் அதிலிருந்து. நார்காட்டிக் என்கிற போதைமருந்துச் சொல்லுக்கும் அதுவே வேர். லத்தீனில் அதே பொருளில் டார்ப்பிடோ. கடற்போர் ஆயுதத்துக்கு அந்தப் பெயர் வந்தது மீனிடமிருந்துதான், மீனுக்கு ஆயுதத்திடமிருந்து அல்ல. பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

ஓம்விதி, உங்களுக்குப் பிடிக்கிற இடம் இனிதான். 17-ஆம் நூற்றாண்டில் மீனை அறுத்துப் பார்த்தவர்கள், இது ஏதோ தசை மிக வேகமாகத் துடித்துக் கையைத் தாக்குகிறது என்றுதான் நினைத்தார்கள். 1678-ல் லொரென்சினி டார்ப்பிடோ பற்றி ஒரு நூலே எழுதினார். சுறாக்களும் திருக்கைகளும் இரையின் மெல்லிய மின்புலத்தை மோப்பம் பிடிக்கிற முகத் துளைகளுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான், ஆனால் மின்சாரம் என்று அவருக்கே தோன்றவில்லை. 1772-ல் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரோஷெல் கரையில் உட்கார்ந்து, அதிர்ச்சி மின்கடத்திகள் வழியே மட்டும் போகிறது, கண்ணாடி வழியே போவதில்லை என்று காட்டினார். உடனே எதிர்ப்பு வந்தது. மின்சாரம் என்றால் பொறி எங்கே, சடசடப்பு எங்கே? உப்புநீருக்குள் எப்படித் தேங்கி நிற்கும்?

அதற்குப் பதில் சொல்ல ஹென்றி கேவண்டிஷ் தோலால் ஒரு போலித் திருக்கை செய்தார். அதை உப்புநீரில் முக்கி, மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கிற லேய்டன் ஜாடிகள் நிறைய எடுத்து, லேசாக மட்டும் மின்னேற்றி அதோடு இணைத்தார். வருகிறவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதிர்ச்சி அசலாக இருந்தது, பொறியோ கண்ணுக்குத் தெரியாத அளவு. அளவு வேறு, அழுத்தம் வேறு என்று 1776-ல் அவர் அச்சில் சொன்னார். அலைக்கணக்கின் கருத்துப் பெட்டியில் நடந்த சண்டையும் அதுவேதான், 250 வருடம் பிந்தி. கடைசியாக 1800-ல் வோல்ட்டா தன் உலோகத் தட்டு அடுக்கை அறிமுகப்படுத்தும்போது அதைச் செயற்கை மின்னுறுப்பு என்று இந்த மீனோடு ஒப்பிட்டே எழுதினார். காசு அடுக்கிய மாதிரி என்று நீங்கள் சொன்னீர்களே, அதே அடுக்கு. வோல்ட் என்கிற அலகே அவர் பெயரில் இருக்கும்போது, மீனை வோல்ட்டால் அளப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

---

அலைக்கணக்கு

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் சின்னப் பிள்ளைக் கேள்வியை நைசாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்கே அடிக்காதா?

---

ஓம்விதி

தாண்டவில்லை, மறந்துவிட்டேன். மின்சாரம் எளிதான வழியைத்தான் அதிகம் தேடும். துடிப்பின்போது மீனின் முதுகுப் பக்கம் நேர்மின், வயிற்றுப் பக்கம் எதிர்மின். அந்த இரண்டுக்கும் நடுவே கடல்நீர் வழியாகச் சுற்றிப் போவது மீனின் சதைக்குள் புகுந்து போவதைவிட மிக எளிது. அடுக்குகளைச் சுற்றி இணைப்புத் திசு உறை போட்டிருக்கிறது, இதயமும் மூளையும் அடுக்குகளுக்கு உள்ளே இல்லை, நடுவில் தள்ளி இருக்கின்றன. உள்ளே கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஆனால் இரையின் மேல் விழும் பங்கோடு ஒப்பிட்டால் சில்லறை. நீருக்கடியில் நண்பருக்கு: நீங்கள் முதுகை மட்டும் தொட்டதால் தப்பித்தீர்கள், ஒரு கை முதுகிலும் ஒரு கை வயிற்றிலுமாகத் தூக்கியிருந்தால் சுற்று முழுதாக உங்கள் நெஞ்சு வழியே போயிருக்கும்.

---

பிப்பெட்

ஆய்வகக்காரர் ஒருவர் குறைகிறார் என்று தோன்றியதால் வருகிறேன். அந்தக் காசு போன்ற செல்கள் பழைய தசைச் செல்கள்தான், செவுள் பக்கத்துத் தசை சுருங்குகிற வேலையை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறியது. தசைக்கு நரம்பு எப்படிக் கட்டளை தருகிறதோ அதே அசிட்டைல்கோலின் என்கிற வேதிப்பொருள்தான் இங்கேயும். மூளையில் இதற்கென்றே ஒரு மடல் இருக்கிறது, அங்கிருந்து கட்டளை வந்ததும் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் ஒரு பக்கக் கதவை மட்டும் திறக்கும்.

இதனால் என்ன என்றால், நம் தசையில் தேடித் தேடிப் பொறுக்க வேண்டிய அசிட்டைல்கோலின் ஏற்பி, அதாவது அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரதம், இந்த மீனில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. 1970-களில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள், தூண்டில் முள்ளாகப் பயன்பட்டது ஒருவகைக் கட்டுவிரியன் பாம்பின் விஷம், அது அந்த ஏற்பியை விடாமல் பிடித்துக்கொள்ளும். 1982-ல் கியோட்டோவில் நூமாவின் குழு அதன் மரபணுவைப் பிரதியெடுத்தது பசிபிக் மின்திருக்கையிலிருந்து. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியின் முப்பரிமாண வடிவம் 1991-ல் கிடைத்ததும் அதே மீனிலிருந்துதான். மயஸ்தீனியா கிரேவிஸ் என்கிற தசை பலவீன நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தாக்குவது இந்த ஏற்பியைத்தான் என்பது முயல்களில் தெரியவந்தது 1973-ல், அதில் பயன்பட்டது மட்டும் மின்விலாங்கின் ஏற்பி. திருக்கைக்கு எல்லாப் புகழையும் கொடுத்துவிடக் கூடாது இல்லையா.

இன்னொரு சங்கதி, குட்டிகள் முட்டையாக வெளியே வருவதில்லை. தாயின் வயிற்றிலேயே பொரித்து, தாய் சுரக்கும் ஒருவிதப் பாலை உறிஞ்சி வளர்ந்துதான் பிறக்கும். பிறந்த கையோடு ஷாக் அடிக்கவும் தெரியும், சில வோல்ட்தான், ஆனாலும் அடிக்கும்.

---

அலைக்கணக்கு

காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தேன். சாம்பலும் நீலமும் கலந்த நிறம், மேலே கருப்புப் பொட்டுகள், முதுகுத் துடுப்பு இரண்டு. பின்னால் நாடா நாடாவாகப் பாசி ஆடுகிறது. முதல் தடவை பார்த்தபோது கவனிக்கவில்லை, கேமராக்காரர் ஒரு குச்சியால் அதை இரண்டு முறை குத்துகிறார், அதற்கப்புறம்தான் அது வாயை லேசாகத் திறந்துகொண்டு திரும்புகிறது.

---

நீருக்கடியில்

பசிபிக்தான், சந்தேகமே இல்லை. 40 வோல்ட்காரர் எண்ணில் ஜெயித்துவிட்டார், கிச்சுகிச்சில் தோற்றுவிட்டார். அந்தக் குச்சி உலோகமா, பிளாஸ்டிக்கா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

அலைக்கணக்கு

பளபளக்கிறது.

---

ஓம்விதி

அடப்பாவி.